தீபாவளிக்கு ஊருக்கு வரும் ஜப்பான்வாசிகளுக்கு மறுநுழைவு அனுமதி வழிகாட்டி

ஜப்பானில் வசிக்கும் மலேசியர் ஒருவருக்கு மறுநுழைவு அனுமதி, அதாவது ஊருக்கு வந்துவிட்டு அதே வசிப்பிடத் தகுதியோடு ஜப்பானுக்குத் திரும்பி நுழையும் உரிமை, காலாவதியாகிவிட்டால், காலாவதியான சங்கதியே பல நேரம் அவருக்குத் தெரிவதில்லை. விசா தேவைப்படும் நாட்டுக்காரர் என்றால் விமான நிறுவனமே முகப்பில் நிறுத்திவிடும். நம்மை யாரும் நிறுத்த மாட்டார்கள். 2013 ஜூலை முதல், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 90 நாள் வரையிலான குறுகிய வருகைக்கு விசா இல்லாமலே ஜப்பான் போகலாம். அதனால் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் போர்டிங் பாஸ் கிடைத்துவிடும். தோக்கியோவின் நரித்தா விமான நிலையத்தில் கடப்பிதழில் ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். ஆனால் அது சுற்றுப்பயணிக்கான ஸ்டிக்கர். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, கல்லூரிக்கும் திரும்ப முடியாது. பத்து வருஷம் சேர்த்த நிரந்தர வசிப்பிடத் தகுதி இருந்திருந்தால் அதுவும் அந்த நிமிஷம் கையில் இருக்காது.

மகாதீர் 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் வழியாக நம் பிள்ளைகள் பலர் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். அதில் ஒரு பகுதியினர் அங்கேயே வேலை, குடும்பம் என்று தங்கிவிட்டார்கள். இவர்கள் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வருவது ஒரு வகை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்றரை வருஷம் பட்டர்வொர்த்தில் வந்து தங்குவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஜப்பானியச் சட்டத்தில் வெவ்வேறு கதவு. எந்தக் கதவு வழியாக வெளியே வந்தோம் என்பதை வைத்துத்தான் திரும்பிப் போகும் உரிமை தீர்மானமாகிறது. அந்த முடிவை ஜப்பானில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஊருக்கு வந்தபின் கதவை மாற்ற முடியாது.

இரண்டு கதவுகள்

முதல் கதவுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் மினாஷி ஸாய்ன்யூகொகு. அனுமதி பெற்றதாகவே கருதப்படும் மறுநுழைவு என்று பொருள். 2012 ஜூலை 9 அன்று வெளிநாட்டவருக்கான புதிய வசிப்பிட முறை வந்தபோது இதையும் கொண்டுவந்தார்கள். செல்லுபடியாகும் கடப்பிதழும் ஸாய்ர்யூ கார்டு என்ற வசிப்பிட அட்டையும் இருந்தால் போதும். எந்த அலுவலகத்துக்கும் முன்கூட்டிப் போக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. புறப்பட்ட நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும். விடுமுறைக்கு வருகிற பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

இரண்டாவது கதவு, முறைப்படி விண்ணப்பித்துப் பெறும் ஸாய்ன்யூகொகு கியொகா. கடப்பிதழில் ஒட்டித் தருவார்கள். அதிகபட்சம் 5 வருஷம் செல்லும். 2012க்கு முன் அது 3 வருஷமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியில் இருக்கப் போகிறவர்களுக்கும், ஒரு வருஷம் தாண்டுமோ என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கும் இதுதான் வழி.

இரண்டுக்கும் நடுவிலுள்ள பெரிய வேறுபாடு, நீட்டிப்பு. முறைப்படி பெற்ற அனுமதியை, தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஜப்பானியத் தூதரகத்தில் நீட்டிக்கக் கேட்கலாம். மினாஷியில் வந்தவருக்கு எந்தத் தூதரகத்திலும் ஒரு நாள்கூட நீட்டிப்புக் கிடையாது. விபத்து, மருத்துவமனை, சாவு வீடு என எதைச் சொன்னாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அப்பா அம்மாவின் உடல்நிலையைப் பார்க்க வருகிறவர்கள் இந்த ஒரு வரிக்காகவே இரண்டாவது கதவைத் தேர்ந்தெடுக்கலாம். "மூணு மாசத்துல போயிடுவேன்" என்று வந்தவர்கள்தான் பதினான்காவது மாதத்தில் தவிக்கிறார்கள்.

மினாஷி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 3 மாதமோ அதற்குக் குறைவோ தங்க அனுமதி பெற்றவர்கள், வசிப்பிடத் தகுதியை ரத்து செய்யும் நடவடிக்கைக்கு உள்ளானவர்கள், அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மட்டும் தங்குபவர்கள் ஆகியோருக்கு அது இல்லை.

புறப்படும் நாளில், அந்த ஒரு கட்டம்

ஜப்பான் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை தாண்டி, குடிநுழைவு முகப்புக்கு முன்னால் ஒரு மேசை இருக்கும். அதன்மேல் சிறிய சீட்டுகள் அடுக்கியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வகை வேறு. உங்களுக்கு வேண்டியது மறுநுழைவோருக்கான சீட்டு. பெயர், பிறந்த தேதி, விமான எண் எல்லாம் எழுதிய பிறகு இரண்டு சிறு கட்டங்கள் வரும். ஒன்று, தற்காலிகமாகப் போகிறேன், திரும்பி வருவேன் என்ற பொருளில் இருக்கும். மற்றொன்று, திரும்பி வரும் திட்டம் இல்லை என்று சொல்லும். முதல் கட்டத்தில் குறி போடுங்கள். அந்தக் குறிதான் மினாஷி. வேறு விண்ணப்பம் எதுவும் கிடையாது.

சீட்டையும் கடப்பிதழையும் கொடுக்கும்போது வசிப்பிட அட்டையையும் சேர்த்துக் காட்டி, "ஸாய்ன்யூகொகு" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கும்போது அட்டையைக் கையில் வைத்துப் பாருங்கள். திரும்பி வராதவர் என்று பதிவானால் அட்டையில் துளை போட்டுத் தருவார்கள். துளை விழுந்த அட்டை செல்லாது, அத்தோடு வசிப்பிடத் தகுதியும் முடிந்தது. துளையைக் கண்டால் வாயிலை நோக்கி நடக்காதீர்கள். விமானம் ஏறும் முன் அதே முகப்புக்குத் திரும்பி விஷயத்தைச் சொல்லுங்கள். ஏறிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

குடும்பமாக வரும்போதுதான் இதில் தப்பு அதிகம் நடக்கிறது. அப்பா தன் சீட்டில் சரியாகக் குறி போட்டுவிடுவார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரத்தில் எழுதிய பிள்ளைகளின் சீட்டில் கட்டம் காலியாகக் கிடக்கும். ஆளுக்கு ஒரு சீட்டு, ஒவ்வொன்றிலும் குறி. மூன்று மாதக் குழந்தைக்கும் அப்படித்தான்.

முறைப்படி அனுமதி பெற்று வருகிறவர்கள் கடப்பிதழில் அந்த ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். ஐந்து வருஷ அனுமதி கையில் இருக்க, பழக்கத்தில் மினாஷியாகப் பதிவு செய்துகொண்டு வந்துவிடக் கூடாது. அப்படிப் பதிவானால் காலக்கெடு ஒரு வருஷமாகச் சுருங்கிவிடும்.

எந்தத் தேதி உங்கள் கடைசித் தேதி

ஒரு வருஷம் என்பது மேல் எல்லைதான். வசிப்பிட அட்டையின் முன்பக்கத்தில் தங்கும் காலம் என்ற வரியும், அதன் அருகே அது முடியும் தேதியும் அச்சிட்டிருக்கும். ஒரு வருஷம் அல்லது அந்தத் தேதி, இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு. இதைப் பார்க்காமல் "ஒரு வருஷம் இருக்கு" என்று மனசில் வைத்துக்கொள்வதுதான் கெடு தவறுவதற்கு முக்கியக் காரணம்.

உதாரணத்துக்கு, ஒருவர் 2026 ஆகஸ்ட் 20 அன்று ஒசாகாவிலிருந்து புறப்படுகிறார். அவருடைய அட்டையில் தங்கும் காலம் 2027 மார்ச் 15 அன்று முடிகிறது. அவர் 2027 ஆகஸ்ட் வரை இருக்க முடியாது, மார்ச் 15க்குள் ஜப்பானில் இருந்தாக வேண்டும். போனால் மட்டும் போதாது, அந்தத் தேதிக்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பமும் போட்டிருக்க வேண்டும். நீட்டிப்பு விண்ணப்பத்தைக் காலம் முடிவதற்கு 3 மாதம் முன்னாலிருந்து, அதாவது டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏற்பார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போது ஆள் ஜப்பானில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. ஆகவே அவர் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ திரும்புவதாகத் திட்டமிடுவதுதான் சரி.

விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவு வருவதற்குள் ஊருக்கு வரலாமா என்று கேட்பவர்கள் நிறைய. வரலாம். பழைய காலம் முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் நாள் அல்லது பழைய தேதியிலிருந்து 2 மாதம், இதில் எது முந்துகிறதோ அதுவரை தங்கும் உரிமை தொடரும். அந்த நாட்களில் மினாஷியில் வெளியே போய் வரவும் முடியும். நேரில் விண்ணப்பித்தவர்களுக்கு அட்டையின் பின்பக்கத்தில், விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக முத்திரை இருக்கும். இணையவழி விண்ணப்பித்தவர்களுக்கு முத்திரை இராது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு ஜப்பானில் உள்ள முகவரிக்குத்தான் வரும். புது அட்டையை வாங்குவதும் ஜப்பானில்தான். அந்த 2 மாதம் தாண்டிவிட்டால் விண்ணப்பம் நிலுவையில் இருந்தது என்பது எந்தப் பயனும் தராது.

இன்னொன்று, எல்லாரும் கோட்டைவிடுகிற இடம். கெடுவுக்குள் வந்தார் என்பதைக் கணக்கிடுவது ஜப்பானியக் குடிநுழைவு முகப்பில் நிற்கும் நேரத்தை வைத்து. கே.எல்.ஐ.ஏ.வை விட்டுப் புறப்பட்ட நேரம் கணக்கில் வராது. மார்ச் 15 இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் மார்ச் 16 காலையில்தான் தரையிறங்கும். ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தியும் இருக்கிறது. கெடு நாளன்று இரவு விமானத்தில் டிக்கெட் எடுத்தவர் கெடுவைத் தவறவிட்டவர்தான். பினாங்கிலிருந்து கிளம்பி வேறோர் இடத்தில் விமானம் மாறிப் போகிறவர்களுக்கு இணைப்பு தவறும் ஆபத்தும் உண்டு. கெடுவுக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். மழைக்காலம், புகைமூட்டம், பண்டிகைக் கூட்டம் எல்லாம் அந்த ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

ஐந்து வருஷ அனுமதிக்கு விண்ணப்பித்தல்

உங்கள் முகவரி எந்த வட்டாரக் குடிநுழைவு அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். தோக்கியோக்காரர்களுக்கு ஷினகாவா அலுவலகம், ஒசாகாக்காரர்களுக்கு கொஸ்மோஸ்க்வேர் நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகம். வாரநாட்களில் மட்டும், காலை 9 முதல் மாலை 4 வரை. எடுத்துப் போக வேண்டியவை கடப்பிதழ், வசிப்பிட அட்டை, மறுநுழைவு விண்ணப்பப் பாரம். பாரம் அங்கேயே கிடைக்கும். பயண நோக்கம், புறப்படும் தேதி, திரும்பும் தேதி, போகும் நாடு, ஒருமுறையா பலமுறையா, குற்றப் பதிவு உண்டா என்பவற்றைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே ஒட்டித் தந்துவிடுவார்கள். என்றாலும் புறப்படுவதற்கு முந்தின நாளில் போகாதீர்கள்.

கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் கூடியிருக்கிறது. முகப்பில் விண்ணப்பித்தால் ஒருமுறை அனுமதிக்கு 4,000 யென், பலமுறை அனுமதிக்கு 7,000 யென். இணையவழி என்றால் 3,500 யென், 6,500 யென். முன்பு 3,000, 6,000 ஆக இருந்தது. அனுமதி கிடைக்கும்போதுதான் கட்ட வேண்டும். முகப்பில் ரொக்கமாக வாங்குவதில்லை. ஷூன்யூ இன்ஷி என்ற வருவாய் முத்திரையை வாங்கி, கட்டணத் தாளில் ஒட்டித் தர வேண்டும். அஞ்சலகங்களில் கிடைக்கும், ஷினகாவாவில் கட்டடத்துக்குள்ளேயே விற்கிறார்கள்.

ஒருமுறையா பலமுறையா என்பதில் 3,000 யென் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நீண்ட நாள் வெளியில் இருப்பவர் நடுவில் ஒரு தடவை வங்கி வேலைக்கோ வரி வேலைக்கோ ஜப்பான் போய் வர நேரும். அந்த ஒரு நுழைவிலேயே ஒருமுறை அனுமதி தீர்ந்துவிடும். மீண்டும் புறப்படும்போது புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

ஐந்து வருஷம் என்றாலும் தங்கும் காலம் முடியும் தேதியைத் தாண்டி அனுமதி தர மாட்டார்கள். 3 வருஷ வேலைத் தகுதியில் ஒன்றரை வருஷம் மீதி இருந்தால், மறுநுழைவு அனுமதியும் ஒன்றரை வருஷம்தான். முழு ஐந்து வருஷமும் உண்மையில் கிடைப்பது நிரந்தரவாசிகளுக்கே. அவர்களுக்குத் தங்கும் காலத்துக்கு எல்லை இல்லை. ஆனால் அட்டைக்கு எல்லை உண்டு. நிரந்தரவாசியின் வசிப்பிட அட்டையை அதில் அச்சிட்ட தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும். வெளியில் இருக்கும்போது அது காலாவதியாகும் போலிருந்தால், நீண்ட பயணம் என்ற காரணத்தைக் காட்டி முன்கூட்டியே புதுப்பிக்கக் கேட்கலாம். புறப்படும் முன் இதைச் செய்துவிடுங்கள். 16 வயதை நெருங்கும் பிள்ளைகளின் அட்டை எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் பாருங்கள்.

அனுமதி இருந்தும் தகுதி போகும் இடங்கள்

மறுநுழைவு அனுமதி கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. உள்ளே உங்கள் தகுதி உயிரோடு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. வேலை, படிப்பு போன்ற தகுதிகளில் இருப்பவர் சரியான காரணமின்றி 3 மாதத்துக்கு மேல் அந்தச் செயலைச் செய்யாமல் இருந்தால் தகுதியை ரத்து செய்ய முடியும். வேலையை விட்டுவிட்டு, அட்டையில் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறதே என்று ஈப்போவில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனால் சிக்கல் வரலாம். வேலையில் இருந்துகொண்டே எடுத்த பிரசவ விடுப்பு, மருத்துவ விடுப்பு என்றால் அது சரியான காரணம். நிறுவனத்திடம் விடுப்புக் கடிதத்தைத் தேதிகளோடு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டவர்கள் 14 நாளுக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் இருக்கிறது.

நிரந்தரத் தகுதிக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. பொதுவாக 10 வருஷத் தொடர்ச்சியான வசிப்பு கேட்பார்கள். மறுநுழைவுக் கெடு ஒரு நாள் தவறினாலும் ஒன்பது வருஷக் கணக்கு அறுந்து, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறவர்கள்

இது நம் குடும்பங்களுக்கே உரிய விஷயம், ஜப்பானிய வழிகாட்டிகளில் யாரும் இதை நம் பக்கமிருந்து சொல்வதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவது வழக்கம். தாய்க்கு மறுநுழைவு உரிமை இருக்கும். பினாங்கில் பிறந்த குழந்தைக்கு அது இல்லை. குழந்தை ஜப்பானை விட்டு வெளியேறவே இல்லையே, எப்படித் திரும்பி நுழையும்? அதற்குத் தனியாகத் தகுதிச் சான்றிதழுக்கு (ஜப்பானில் தங்கத் தகுதி உண்டு என்று அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை முன்கூட்டித் தரும் சான்றிதழ்) விண்ணப்பித்து, விசா வாங்கித்தான் அழைத்துப் போக வேண்டும். இதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும். சான்றிதழ் வந்த 3 மாதத்துக்குள் ஜப்பானில் நுழைந்துவிட வேண்டும். விசா இல்லாமல் 90 நாளுக்குக் குழந்தையைக் கூட்டிப்போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். சுற்றுப்பயணித் தகுதியிலிருந்து மாற்றம், தவிர்க்க முடியாத தனிச் சூழல் இருந்தாலன்றி அனுமதிக்கப்படுவதில்லை. அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசி என்றால் வேறுபாடு இன்னும் ஆழமானது. ஜப்பானில் பிறந்து அங்கேயே வளரும் குழந்தைக்கு நிரந்தரவாசியின் பிள்ளை என்ற தகுதி கிடைக்கும். பிறந்த 30 நாளுக்குள் குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதே குழந்தை பினாங்கில் பிறந்தால் அந்தத் தகுதி கிடையாது, நீண்டகால வசிப்பாளர் என்ற வேறு தகுதிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். அம்மா வீட்டுப் பிரசவம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. தாய் கையால் பத்தியம் சாப்பிடுவதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் பெண்ணை அழைத்து வருவதா, அம்மாவை ஜப்பானுக்கு அனுப்புவதா என்று குடும்பம் பேசும்போது இந்தச் செய்தி முன்னால் இருக்க வேண்டும். அம்மா 90 நாள் விசா இல்லாமலே போய் இருந்து பார்த்துவிட்டு வரலாம்.

ஊரில் இருக்கும்போது சிக்கல் வந்தால்

முறைப்படி அனுமதி பெற்று வந்தவர், நோய் போன்ற காரணத்தால் கெடுவுக்குள் திரும்ப முடியாது என்று தெரிந்தால், கெடு முடிவதற்கு முன்பே ஜப்பானியத் தூதரகத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். கோலாலம்பூரில் தூதரகம் பெர்சியாரான் ஸ்டோனரில் இருக்கிறது. பினாங்கில் துணைத் தூதரகம் ஜாலான் சுல்தான் அகமது ஷாவில், மெனாரா பி.எச்.எல். கட்டடத்தில் இருக்கிறது. காரணத்தைக் காட்டும் தாள்கள் வேண்டும். மருத்துவமனைக் கடிதத்தை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள், பயணம் செய்ய முடியாது என்பதையும் எந்தத் தேதி வரை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். "சிகிச்சையில் உள்ளார்" என்று மட்டும் எழுதிய கடிதம் பலவீனமானது. நீட்டிப்பு அதிகபட்சம் 1 வருஷம், மொத்தத்தில் அனுமதி தொடங்கிய நாளிலிருந்து 6 வருஷத்தைத் தாண்டக் கூடாது. 2026 ஜூன் 1 அன்று ஐந்து வருஷத்துக்கு வாங்கியவருக்கு, எல்லாம் சேர்த்து 2032 ஜூன் 1 கடைசி. தங்கும் காலத்துக்கு எல்லை உள்ளவர்களுக்கு அந்த எல்லையைத் தாண்டி நீட்டிக்க முடியாது. ஆகவே இது பெரும்பாலும் நிரந்தரவாசிகளுக்கே உதவுகிறது.

கடப்பிதழை ஊரில் புதுப்பித்தால் பழையதைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். மறுநுழைவு ஸ்டிக்கர் அதில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். பழையதை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனவர்கள் உண்டு.

வசிப்பிட அட்டை தொலைந்தால் முதலில் போலீஸ் ரிப்போர்ட். அட்டை எண் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்காகவே புறப்படும் முன் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அட்டை தொலைந்ததால் தகுதி போய்விடாது, ஜப்பானில் நுழைந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விமானம் ஏறும் முன் தூதரகத்திடம் பேசிவிடுங்கள். ஜப்பானியக் குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டவர் தகவல் மையத்தை மலேசியாவிலிருந்து +81-3-5796-7112 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச ஆள் இல்லை, ஆங்கிலத்தில் பேசலாம்.

கெடு தவறியே போய்விட்டது என்றால் மறைத்துக்கொண்டு சுற்றுப்பயணியாகப் போய் வேலையைத் தொடர முயலாதீர்கள். அது சட்டவிரோத வேலை, அடுத்த விண்ணப்பத்தையும் கெடுத்துவிடும். நிறுவனத்திடமோ கல்லூரியிடமோ உடனே சொல்லி, புதிய தகுதிச் சான்றிதழுக்கு அவர்கள் வழியாக விண்ணப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். கெடு எப்படித் தவறியது என்பதை ஆதாரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி இணைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் சுத்தமான வழி அதுதான்.

நகராட்சி வேலைகள் கொஞ்சம்

ஒரு வருஷத்துக்கு மேல் போகிறவர்கள் குடியிருக்கும் நகராட்சியில் இடம்பெயர்வு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இதைக் கொடுத்தால் வசிப்பிடத் தகுதி போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். போகாது, அது முகவரிப் பதிவு மட்டுமே. குடியிருப்பு வரி ஜனவரி 1 அன்று எங்கே பதிவில் இருக்கிறீர்களோ அங்கே விழும். டிசம்பரிலேயே கிளம்பி அறிவிப்பைக் கொடுத்தவருக்கும் ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பியவருக்கும் ஒரு வருஷ வரி வித்தியாசம். உங்களுக்குப் பதிலாக வரியைக் கவனிக்க ஜப்பானில் ஒருவரை நியமித்துவிட்டு வாருங்கள். ஓய்வூதியப் பணத்தை ஒட்டுமொத்தமாக எடுக்க யோசிப்பவர்கள், எடுத்தால் அதுவரை கட்டிய காலம் முழுவதும் கணக்கிலிருந்து அழிந்துவிடும் என்பதை அறிந்து முடிவெடுங்கள். திரும்பிப் போய் அங்கேயே ஓய்வு பெற நினைப்பவருக்கு அது பெரிய இழப்பு.

திரும்பிப் போகும்போது

டிக்கெட்டில் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பதிலுள்ள சாய்கோட்டை விமான நிறுவனங்களின் பாரம் ஏற்காது, கோடு இல்லாமல் எழுத்துகளை மட்டும் போடுங்கள். கே.எல்.ஐ.ஏ. முகப்பில் ஒருவழி டிக்கெட்டைப் பார்த்துத் திரும்பும் டிக்கெட் கேட்டால் வசிப்பிட அட்டையைக் காட்டுங்கள். ஜப்பான் போகும் முன் இணையத்தில் நிரப்பும் விவரங்களில் மறுநுழைவோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுங்க அறிவிப்பு மட்டும் வேண்டும். விமானத்தில் தரும் வெளிநாட்டு வருகையாளர் அட்டையை நிரப்ப வேண்டாம். பணிப்பெண் கொடுத்தாரே என்று நிரப்பி, வருகையாளர் வரிசையில் போய் நின்றால் சுற்றுப்பயணியாகப் பதிவாகும் ஆபத்து இருக்கிறது.

இறங்கியதும் மறுநுழைவோருக்கான வரிசையைத் தேடுங்கள். கடப்பிதழோடு வசிப்பிட அட்டையையும் சேர்த்துக் கொடுங்கள். விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இல்லை. முகப்பை விட்டு நகரும் முன் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள், 90 நாள் என்று இருந்தால் அங்கேயே கேளுங்கள். இடம்பெயர்வு அறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், குடியேறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் கடப்பிதழையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும்.